ஒரே ரோ, இரண்டு ஆப்ஜெக்ட்

ஆர்டர் ஒன்றை டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறோம். அதன் தள்ளுபடியை 10 என்று மாற்றுகிறோம், இன்னும் சேமிக்கவில்லை. அந்த ஆர்டரின் முதல் ஐட்டத்தைப் பிடித்து, ஐட்டம் வழியாகவே திரும்பி வந்து ஆர்டரின் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கிறோம். 0 என்று வருகிறது. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. லாகைப் பார்த்தால்தான் ஆர்டர் டேபிளுக்கு இன்னொரு செலக்ட் போயிருப்பது தெரியும். டேபிளில் இருப்பது ஒரே ரோ. மெமரியில் அதற்கு இரண்டு ஆப்ஜெக்ட்: ஒன்றில் 10, மற்றொன்றில் 0.

ரூபியில் எழுதப்பட்ட வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில், டேபிள் ரோக்களை ஆப்ஜெக்டுகளாகத் தரும் பகுதி ஆக்டிவ் ரெக்கார்டு. ஆர்டரிலிருந்து ஐட்டத்துக்குப் போகும் இணைப்புக்கு (அசோசியேஷன்), ஐட்டத்திலிருந்து ஆர்டருக்குத் திரும்பும் இணைப்பு இன்வர்ஸ். ஆக்டிவ் ரெக்கார்டில் வரும் இன்வர்ஸ் அசோசியேஷன் பக்குகளில் பெரும்பாலானவை இந்த நிலையின் வெவ்வேறு முகங்கள்தான். பில் தொகை தப்பாக வரும். 40 ஐட்டம் உள்ள ஆர்டரில் ஒவ்வொரு ஐட்டமும் தன் ஆர்டரைக் கேட்டால் கன்சோலில் 40 குவெரி ஓடும். வெப் ரிக்வெஸ்டுக்குள் குவெரி கேஷ் (அதே குவெரியின் விடையை நினைவில் வைப்பது) இருப்பதால் டேட்டாபேஸுக்கு ஒரு முறைதான் போகும். ஆனால் ஆர்டர் ஆப்ஜெக்ட் மட்டும் 40 உருவாகும். குவெரி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் அது படவே படாது. ரெயில்ஸ் 5.0 முதல் புதிய அப்ளிகேஷன்களில் பிலாங்ஸ்_டூ (ஐட்டம் ஓர் ஆர்டருக்கு உரியது என்று மாடலில் அறிவிப்பது) கட்டாயம் என்று ஆனபின் இன்னொரு முகமும் சேர்ந்தது. புது ஆர்டரையும் புது ஐட்டத்தையும் சேர்த்துச் சேமிக்கப் போனால், ஆர்டர் கையிலேயே இருக்கும்போது 'ஆர்டர் இருக்க வேண்டும்' என்று ஐட்டத்தின் வேலிடேஷன் நின்றுவிடும்.

இந்த பக்குகள் டெஸ்டில் சிக்காமல் நழுவுவதற்குக் காரணம் சமக்குறி. இரண்டு ரெக்கார்டை == போட்டு ஒப்பிட்டால் ஆக்டிவ் ரெக்கார்டு பார்ப்பது கிளாஸையும் ஐடியையும் மட்டுமே. தள்ளுபடி 10 இருக்கும் ஆர்டரும் 0 இருக்கும் ஆர்டரும் அதன் கணக்கில் ஒன்றுதான். அதனால் அசர்ட்_ஈக்வல் எழுதிய டெஸ்ட் பச்சையாகவே நிற்கும். இந்த வேலையில் அசர்ட்_சேம் தான் பயன்படும். கன்சோலில் என்றால் ஈக்வல்? என்று கேட்க வேண்டும். மதிப்பு சரியா என்று கேட்பதற்கு முன் ஆப்ஜெக்ட் அதேதானா என்று கேட்க வேண்டும். இன்வர்ஸ் தொடர்பான பழைய டெஸ்ட்களைத் திறந்து, அசர்ட்_ஈக்வல் கொண்டு ரெக்கார்டுகளை ஒப்பிடும் இடங்களை அசர்ட்_சேம் ஆக்கி ஓட்டிப் பாருங்கள். சிவப்பாகும் ஒவ்வொரு டெஸ்டும் இத்தனை நாள் மறைந்திருந்த ஒரு பக்கைக் காட்டக்கூடும்.

முதல் சோதனை ஒரு வரியில் முடியும். மாடலிடம் ரிஃப்ளெக்ட்_ஆன்_அசோசியேஷன் கேட்டு, வரும் ரிஃப்ளெக்ஷனிடம் (அசோசியேஷனின் விவரத்தைத் தரும் ஆப்ஜெக்ட்) இன்வர்ஸ்_ஆஃப் கேட்டால், எதிர்ப்பக்க அசோசியேஷன் வரும் அல்லது நில் (nil, அதாவது ஒன்றுமில்லை) வரும். நில் வந்தால் பிரச்சினை உங்கள் மாடலில். லைப்ரரியைத் தோண்ட வேண்டியதில்லை. இன்வர்ஸ்_ஆஃப் என்ற ஆப்ஷன் 3.0 காலத்திலேயே உண்டு. 2014இல் வந்த 4.1 முதல் ரெயில்ஸ் எதிர்ப்பக்கத்தைத் தானாகவே ஊகிக்கிறது. கிளாஸ் பெயரை எடுத்து, நேம்ஸ்பேஸை வெட்டி, சிற்றெழுத்தாக்கி, அந்தப் பெயரில் எதிர் மாடலில் அசோசியேஷன் இருக்கிறதா என்று பார்க்கும். பெயர் சற்று மாறினாலும் ஊகம் தவறும். ஃபாரின் கீ (ஐட்டம் டேபிளில் ஆர்டரின் ஐடியை வைத்திருக்கும் நெடுவரிசை) ஆப்ஷனை எழுதியிருந்தால் ஊகிக்கவே முயலாது. வழக்கமான அதே ஆர்டர்_ஐடியைத்தான் 'தெளிவுக்காக' எழுதினோம் என்றாலும் அதே கதிதான், ஏனென்றால் மதிப்பு என்ன என்று அது பார்ப்பதில்லை, ஆப்ஷன் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நடைமுறையில் அதிகம் அகப்படுவது இந்தக் காரணம்தான். தேவையில்லாத ஆப்ஷனை எடுத்துவிடலாம், தேவையென்றால் பக்கத்திலேயே இன்வர்ஸ்_ஆஃப் எழுதிவிடலாம். ரூபி கோடைச் சரிபார்க்கும் ரூபோகாப்பின் ரெயில்ஸ் தொகுப்பில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது.

இன்னொரு மாடல் வழியாகப் போகும் த்ரூ அசோசியேஷனுக்கும் ஊகம் இல்லை. ஸ்கோப் (கூடுதல் நிபந்தனை) போட்ட அசோசியேஷன் நீண்ட காலம் விலக்கப்பட்டிருந்தது, 7.0இல் வந்த ஆட்டோமேட்டிக்_ஸ்கோப்_இன்வர்ஸிங் அமைப்பை இயக்கினால் அதையும் ஊகிக்கும். அப்போதும் எதிர்ப்பக்கத்தில் ஸ்கோப் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. அது நியாயமான நிபந்தனை. ஐட்டத்தின் பிலாங்ஸ்_டூவில் 'ரத்தாகாத ஆர்டர் மட்டும்' என்று ஸ்கோப் இருந்தால், ரத்தான ஆர்டருக்கு டேட்டாபேஸ் நில் தரும். இன்வர்ஸ் மூலம் மெமரியில் வைத்துவிட்டால் அந்த ரத்தான ஆர்டரே கிடைக்கும். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வரக்கூடாது.

ரிஃப்ளெக்ஷன் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், லைப்ரரிக்குள் இறங்க வேண்டியதுதான். அங்கே இரண்டு இடங்கள் திரும்பத் திரும்பப் படுத்தும்.

ஒன்று, ஹேஸ்_மெனி (ஆர்டருக்குப் பல ஐட்டம் உண்டு என்று அறிவிப்பது) பக்கம். 6.1இல் ஹேஸ்_மெனி_இன்வர்ஸிங் என்ற அமைப்பு வந்தது. அதுவரை தாயிடமிருந்து (ஆர்டர்) பிள்ளைக்கு (ஐட்டம்) மட்டும் போய்க்கொண்டிருந்த இணைப்பு, பிள்ளையிடமிருந்து தாயின் பட்டியலுக்கும் போக ஆரம்பித்தது. புது ஐட்டத்தை உருவாக்கும்போதே ஆர்டரைக் கொடுத்தால், ஆர்டரின் ஐட்டம் பட்டியலில் அது உடனே சேர்ந்துவிடும். இப்போது பழைய கோடில் அதே ஐட்டத்தை << போட்டுப் பட்டியலில் சேர்க்கும் வரி ஒன்று இருக்கும். முன்பு அந்த வரி தேவைப்பட்டது. இந்த அமைப்போடு, சில வெளியீடுகளில் அதே ஆப்ஜெக்ட் பட்டியலில் இரண்டு முறை ஏறும். சேமிக்கும்போது முதல் முறை இன்சர்ட் ஆகும், இரண்டாம் முறை வரும்போது அது புது ரெக்கார்டு இல்லை என்பதால் கடந்துபோகும். டேபிளில் ஒரு ரோ. மெமரியில் எண்ணினால் 2. மொத்தத் தொகை இரட்டிப்பு. ரீலோட் செய்ததும் சரியாகிவிடும் என்பதால், 'எப்போதாவது வருகிறது, திரும்ப வரவழைக்க முடியவில்லை' என்ற வகைப் புகாராகவே இது வந்து சேரும்.

லைப்ரரியில் இதைத் திருத்தப் போனால், ஏற்கெனவே சேர்த்தவற்றை ஒரு செட்டில் போட்டு வைத்துச் சரிபார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். சாதாரண செட் இங்கே ஏமாற்றிவிடும். சேமிக்காத ரெக்கார்டின் ஹேஷ் (செட் தேடப் பயன்படுத்தும் எண்) ஆப்ஜெக்டை வைத்து வருகிறது. சேமித்ததும் ஐடியை வைத்து வருகிறது. செட்டுக்குள் இருக்கும்போதே ஹேஷ் மாறினால், உள்ளே இருப்பதையே 'இல்லை' என்று அது சொல்லும். அதனால்தான் ஆக்டிவ் ரெக்கார்டின் கலெக்ஷன் அசோசியேஷனில் இந்தச் செட் கம்பேர்_பை_ஐடென்டிடி (அதே ஆப்ஜெக்டா என்று மட்டும் ஒப்பிடுவது) என்ற நிலையில் உருவாக்கப்படுகிறது. ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஹைபர்னேட்டில் ஹேஷ்செட்டுக்குள் சேமிக்காத என்டிட்டியைப் போட்டுவிட்டு அவதிப்பட்டவர்களுக்கு இது பழகிய வலி.

அதே பட்டியலில் இன்னொரு நுணுக்கம். பிள்ளை வழியாக ஏறிய ஒரு ஐட்டம் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பட்டியல் முழுதும் லோடாகிவிட்டது என்று ஆகாது. சைஸ் கேட்டால் டேட்டாபேஸில் எண்ணி, மெமரியில் உள்ள சேமிக்காதவற்றைக் கூட்டித் தரும். ஈச் ஓட்டினால் லோட் செய்து இரண்டையும் இணைக்கும். மெமரியில் மாற்றிய மதிப்புகள் அழியாது. டார்கெட்டை (அசோசியேஷன் மெமரியில் வைத்திருக்கும் பட்டியல்) நேரே தொடும் கோடு மட்டும் அரைகுறைப் பட்டியலைப் பார்க்கும். திருத்தம் எழுதும்போது டார்கெட்டைத் தொடும் ஒவ்வொரு வரியிலும், இது லோடானதா இல்லையா என்று நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடம் பிலாங்ஸ்_டூ பக்கம். அது கையில் உள்ள ஆர்டரோடு, அதைப் பிடித்தபோது ஃபாரின் கீ என்னவாக இருந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை கேட்கும்போது கீ மாறியிருந்தால், கையிலிருப்பது பழசு என்று முடிவுகட்டிப் புதிதாக எடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆர்டரும் புதிது, ஐட்டமும் புதிது என்னும்போது பாருங்கள். இணைக்கும் நேரத்தில் கீ நில். ஆர்டர் சேமிக்கப்பட்டு ஐடி 57 கிடைக்கிறது. ஐட்டத்தின் கீயும் 57 ஆகிறது. நினைவில் இருப்பது நில், இப்போது இருப்பது 57. பழசு என்று எண்ணி, சரியான ஆப்ஜெக்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டேபிளிலிருந்து வேறொன்றைக் கொண்டுவரும். சேமிக்கும்போது தானாக ஓடும் கால்பேக்கின் நடுவே இது நடந்தால், டேபிளில் நெடுவரிசையாக இல்லாத தற்காலிக மதிப்புகள் எல்லாம் போய்விடும்.

இதற்கு, 'இன்வர்ஸாக வந்தது என்றால் கீயைப் பார்க்காதே' என்று ஒரு கொடியை நட்டு வைப்பது எளிய மருந்து. சில வெளியீடுகளில் அப்படித்தான் இருந்தது. அதன் பக்கவிளைவு: ஐட்டத்தின் ஆர்டர்_ஐடியை 58 என்று மாற்றிவிட்டு ஆர்டரைக் கேட்டாலும் 57ஆம் ஆர்டரே வரும். முதல் பக்கை விட இது மோசம். கீயை எழுதும் இடத்திலேயே, நினைவில் வைத்த மதிப்பையும் புதுப்பிப்பதுதான் சரியான வழி. பிலாங்ஸ்_டூ பக்கம் சேமிக்கும்போது கீயை எழுதியதும் லோடட்! மெத்தட் அழைக்கப்படுவது இதற்காகத்தான். சரிபார்ப்பை அணைத்து வைக்கும் கொடி வழியாக வரும் எந்தத் திருத்தத்தையும் ரிவ்யூவில் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

திருத்தும் முறைக்கு வருவோம். பண்ட்லர் இன்லைன், மெமரியில் ஓடும் எஸ்க்யூலைட், இரண்டு டேபிள், இரண்டு மாடல், ஒரே டெஸ்ட் என்று ஒற்றைக் கோப்பில் பக்கை வரவழைக்க வேண்டும். ரெயில்ஸ் ரெப்போவிலேயே இதற்கான மாதிரிக் கோப்புகள் உள்ளன. பிறகு மாடலில் உள்ள ஆப்ஷன்களை, டச், கவுண்டர் கேஷ், டிபென்டென்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். எதை எடுத்ததும் பக் மறைகிறதோ அதை மட்டும் திரும்ப வையுங்கள். முந்தைய வெளியீட்டில் வேலை செய்தது என்றால் கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போடலாம். நடுவே 4,000 கமிட் இருந்தாலும் 12 முறை ஓட்டினால் குற்றவாளி கமிட் கையில் வந்துவிடும். அந்தக் கமிட்டின் செய்தியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது வேறொரு இன்வர்ஸ் பக்கைத் திருத்தப் போட்டதாகவே இருக்கும். அதன் டெஸ்டும் உங்கள் டெஸ்டும் சேர்ந்தே பச்சையாக வேண்டும்.

டெஸ்ட் போக வேண்டிய இடம் இன்வர்ஸ்_அசோசியேஷன்ஸ்_டெஸ்ட். அங்கே ஹியூமன், ஃபேஸ், இன்ட்ரஸ்ட் என்ற மாடல்கள் தயாராக உள்ளன. பழைய கோடில் ஹியூமனின் பெயர் மேன். நான்கு நிலைகளையும் எழுத வேண்டும்: இரண்டும் சேமித்தவை, தாய் மட்டும் புதிது, பிள்ளை மட்டும் புதிது, இரண்டும் புதிது. முதல் நிலைக்கு மட்டும் எழுதிய டெஸ்டோடு வரும் திருத்தம், மேலே சொன்ன 57 சிக்கலைத் தொட்டும் பார்த்திருக்காது. பிறகு ஆட்டோசேவ் டெஸ்ட்களையும் நெஸ்டட் ஆட்ரிபியூட் டெஸ்ட்களையும் ஓட்டுங்கள். இரு பக்கமும் ஆட்டோசேவ் இருந்து, இரு பக்கமும் இன்வர்ஸாகக் கோத்திருந்தால், ஒன்றைச் சேமிக்க மற்றதைச் சேமிக்க என்று சுற்றி ஸ்டாக் நிரம்பும் ஆபத்து அங்கேதான் தெரியும். எஸ்க்யூலைட், போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் மூன்றிலும் ஓட்டிவிட்டு, சேஞ்ச்லாக் கோப்பின் உச்சியில் குறிப்பை எழுதலாம்.

பழைய அப்ளிகேஷனை 6.1இன் இயல்பு அமைப்புகளுக்கு ஏற்றுபவர்கள், ஹேஸ்_மெனி_இன்வர்ஸிங்கை மட்டும் தனியாக, தனி டிப்ளாயில் இயக்குவது நல்லது. அதற்கு முன் கோடு முழுதும் ஆஃப்டர்_ஆட், பிஃபோர்_ஆட் கால்பேக்குகளையும், பிலாங்ஸ்_டூவை வைத்துவிட்டு அடுத்த வரியிலேயே << போடும் இடங்களையும் தேடிப் பட்டியலிடுங்கள். உடனே சரிசெய்ய முடியாத இடத்தில், அந்த ஒரு அசோசியேஷனுக்கு மட்டும் இன்வர்ஸ்_ஆஃப் ஃபால்ஸ் என்று எழுதி, ஏன் என்று பக்கத்தில் கமென்ட்டும் போட்டு வைக்கலாம்.