நாபோத்துக்கு எதிராக நின்ற இரண்டு சாட்சிகள்

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற, வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்றைச் சிறுவயதில் எங்களுக்குப் "பொய் பேசக் கூடாது" என்று சுருக்கித்தான் கற்றுக்கொடுத்தார்கள். (அது எட்டாவதா ஒன்பதாவதா என்பது நீங்கள் எந்தத் திருச்சபையில் வளர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.) ஆனால் சாட்சி என்ற சொல் நம்மை வழக்கு நடக்கும் இடத்திற்கே அழைத்துச் செல்கிறது. ஒருவனுடைய வாய்ச்சொல்லை நம்பி இன்னொருவனுடைய உயிரையும் நிலத்தையும் தீர்மானிக்கும் நகரவாசலில் பேசப்படும் பொய்யே அங்கு முதன்மையாகக் கண்டிக்கப்படுகிறது.

அந்த வாய்ச்சொல்லின் வலிமையை அறிந்திருந்ததால்தான் வேதாகமத்தின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமம் அதற்கு இத்தனை கட்டுகளைப் போடுகிறது. ஒரே சாட்சியை நம்பி எவனையும் குற்றவாளியாக்கக் கூடாது. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். நியாயாதிபதிகள் தீர விசாரித்து, சாட்சி பொய்யன் என்று கண்டால், அவன் தன் சகோதரனுக்குச் செய்ய நினைத்ததையே அவனுக்குச் செய்ய வேண்டும் என்கிறது 19-ஆம் அதிகாரம். 17-ஆம் அதிகாரம் சொல்வது இன்னும் கடுமையானது: மரண தண்டனை என்றால், முதல் கல்லைச் சாட்சி சொன்னவனே எறிய வேண்டும். நாவால் கொல்ல நினைப்பவன் கையாலும் கொல்லத் துணிகிறானா என்று சோதிப்பதற்காகவே இப்படி விதித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு இருந்தும் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத் சாகிறான். பிதாக்களின் சுதந்தரமான, அதாவது பரம்பரைச் சொத்தான, திராட்சத்தோட்டத்தை ராஜாவாகிய ஆகாபுக்குத் தர மறுத்ததற்காக அவனை ஒழிக்க நினைத்த ராஜாவின் மனைவி யேசபேல், கூலிக்கு ஆள் வைத்து இருட்டில் குத்தச் சொல்லவில்லை. உபவாசம் கூறி, சபையைக் கூட்டி, பேலியாளின் மக்களாகிய, அதாவது துன்மார்க்கரான, இரண்டு பேரை எதிரில் நிறுத்தி, அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல வைத்து, ஊருக்கு வெளியே கல்லெறியச் செய்கிறாள். சாட்சிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. தண்டனையும் தேவதூஷணத்துக்கு விதிக்கப்பட்ட தண்டனைதான். நியாயப்பிரமாணத்தின் வெளித்தோற்றம் முழுவதும் இருந்தும், தீர விசாரிக்க வேண்டும் என்ற ஒன்று மட்டும் அங்கு நடந்ததாக எழுதப்படவில்லை.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், பெயர் கூடத் தரப்படாத அந்த இரண்டு சாட்சிகளைவிட யெஸ்ரயேல் பட்டணத்தின் மூப்பர்களே என்னை அதிகம் உறுத்துகிறார்கள். கண்டதையோ அறிந்ததையோ தெரிவிக்காமல் இருக்கும் சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5-ஆம் அதிகாரம் கூறுகிறது. தீமை செய்யத் திரளான பேர்களைப் பின்பற்றாதே என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் கூறுகிறது. நாபோத்தோடு ஒரே பட்டணத்தில் குடியிருந்த அவர்களோ வாய் திறக்கவில்லை. ராஜாவின் கட்டளை என்று நம்பி ஏமாந்தார்கள் என்று அவர்களுக்காக வாதாடவும் வழியில்லை. கடிதங்கள் ஆகாபின் பெயரில் எழுதப்பட்டு, அவனுடைய முத்திரையோடுதான் அவர்களுக்கு வந்திருந்தன. ஆனால் நாபோத் கல்லெறியுண்டு செத்தான் என்ற செய்தியை அவர்கள் சொல்லி அனுப்பியது யேசபேலுக்கு.