செத்துக் கிடந்த பிக்கப்பும் 46 கேஜ் கம்பியும்

திருவாரூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து வாங்கி வந்த பலாமர எலெக்ட்ரிக் கிடாரில், பிரிட்ஜ் (கம்பிகள் ஊன்றி நிற்கும் பாலம்) பக்கத்துப் பிக்கப் ஒருவழியாக உயிர் பெற்றுவிட்டது. பிக்கப் என்பது கம்பிகளின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பாகம். மல்டிமீட்டர் 6 கிலோ ஓமுக்குச் சற்று மேல் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ஆறு கம்பிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கின்றன. புதிய பிக்கப் வாங்கி மாட்டினால் அரைமணி நேர வேலைதானே என்று கேட்டவர்கள் உண்டு. கையால் செய்த பழைய கிடாரில் செய்தவரின் கைவாகு மரத்தைவிடக் காயிலில்தான், அதாவது பிக்கப்பின் கம்பிச்சுருளில்தான், அதிகம் தெரியும் என்று நம்புகிறவன் நான். ஆகவே அந்த யோசனையை ஏற்கவில்லை.

இந்தக் கிடாரில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அறுபதுகளின் அமெரிக்கக் கிடார் என்றால் வால்யூம் கண்ட்ரோலின் முதுகைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம்: 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தின் சரக்கு, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். இதில் இருப்பதோ ரேடியோவிலிருந்து கழற்றிய கண்ட்ரோல். உடலைக் குடைந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், தஞ்சாவூரில் வீணை செய்து பழகிய கை ஒன்று இதில் பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

பிக்கப்பின் கட்டமைப்பு எளிமையானது. ஹைலம் என்னும் மின்கடத்தாத் தகடுகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஆறு இரும்புத் திருகாணிகள், அடியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்ததாகத் தோன்றும் காந்தத் துண்டு. காயிலின் உள்முனை தொடங்கும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்து, கம்பி அற்றிருந்தது. உப்புக் காற்றடிக்கும் எங்கள் டெல்டாவின் கிழக்குப் பகுதியில் பழைய காயில்கள் இப்படிச் சாவது புதிதல்ல. வெளிமுனை அற்றிருந்தால் ஒட்டவைத்துத் தப்பிக்கலாம். உள்முனை அற்றால் முழுவதையும் பிரித்துச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊரில் மோட்டார் வைண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்புசெட்டுக்கு அவர்கள் சுற்றும் கம்பியின் கனம் வேறு, நமக்கு வேண்டியது வேறு. அமெரிக்கக் கிடார் நிறுவனங்களான ஃபெண்டரும் கிப்ஸனும் அந்நாளில் பயன்படுத்திய அமெரிக்க அளவு 42 கேஜ், அதாவது சுமார் 0.063 மி.மீ.; நம் கடைகளில் வழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் அளவுக் கணக்கில் அதற்கு நெருங்கியது 46. இணையத்தில் வாங்கிய முதல் சுருள், பெட்டியின் மேல் 46 என்று எழுதியிருந்தும், மைக்ரோமீட்டரில் வைத்தபோது 44 ஆக, அதாவது தடித்த கம்பியாக இருந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பிறகு சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த சுருள்தான் சரியாக அமைந்தது.

தையல் மிஷின் மோட்டாரைக் கொண்டு சுழற்றி, சக்கரத்தில் ஒட்டிய சிறு காந்தம், காந்தம் நெருங்கினால் இணையும் ரீட் சுவிட்சைக் கடக்கும்போதெல்லாம் கால்குலேட்டரின் சமக்குறி அழுந்துவதுபோல் இணைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒன்று கூடும். வேகம் அதிகமானால் கால்குலேட்டர் எண்ணத் தவறும், ஆகவே பெடலில் கால் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். உண்மையான சோதனை இழுவிசையில் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே வெல்வெட் துண்டை மடித்து, அதனூடே கம்பியை விட்டேன். இறுக்கினால் அறுகிறது, தளர்த்தினால் காயில் உப்பி மூலைகளில் வழிகிறது. வியர்வை பட்டாலும் வெல்வெட் பிடித்துக்கொள்கிறது என்பதால் மின்விசிறி வேண்டும். மின்விசிறி ஓடினாலோ கம்பி அலைகிறது. ஆகவே விடியற்காலை வேலைதான். ஐம்பதுகளின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரின் பிக்கப்பில் சுமார் 8,000 சுற்றுகள் இருக்கும், கிப்ஸனின் பி-90 பிக்கப்பில் சுமார் 10,000. நான் 8,000 சுற்றில் நிறுத்தினேன்.

அடுத்தது, காயில் அதிர்ந்து கீச்சிடாதிருக்க அதை மெழுகில் ஊறவைத்தல். வீணைக்கு மேளம் கட்டும் (மெட்டுகளைப் பதிக்கும்) கருமெழுகைப் போடச் சொன்னார் நண்பர். கெட்டியாக நிற்க வேண்டிய அந்தக் கலவை காயிலுக்குள் இறங்காது. வெள்ளை மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, சுமார் 65 டிகிரி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினேன். குமிழிகள் நிற்கும்வரை எடுக்கக் கூடாது. 1963-இல் தந்தையுடன் சேர்ந்து தன் கிடாரைச் செய்யத் தொடங்கிய, பின்னாளில் ‘குயின்’ ராக் குழுவின் கிடார்க் கலைஞரான பிரையன் மே, முதலில் பிக்கப்பையும் வீட்டிலேயே செய்தார். கம்பியை வளைத்து வாசித்தபோது வேண்டாத ஓசை எழவே, பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கி, அவை கீச்சிடாதிருக்க அரால்டைட் என்னும் இறுகிப்போகும் பசையை ஊற்றினார். அவருக்கு அது பலித்தது. சேகரிப்பவன் அதைச் செய்யக் கூடாது. மெழுகு என்றால் அடுத்தவரும் உருக்கித் திறக்கலாம்.

கழுத்துப் பக்கத்துப் பிக்கப் இன்னும் திறக்கப்படவில்லை. அதற்குள் மயிலாடுதுறையில் கையால் செய்த எலெக்ட்ரிக் ஹவாயன் கிடார் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்துவிட்டது. 1932-இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினிய ‘ஃபிரையிங் பேன்’ கிடாரும் மடியில் வைத்து வாசிக்கும் இந்த வகைதான். அதில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் கம்பிகளுக்கு மேலாக வளைந்து நிற்கும். மயிலாடுதுறைக் கிடாரில் காந்தம் கம்பிக்கு மேலா கீழா என்று தெரியும்படி படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விலை பேசுவது அதைப் பார்த்த பிறகுதான்.