முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

2022 ஜூன் 13 ராத்திரி. மறுநாளோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்டு நின்றன. மண்டபத்தில் நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. ஐஸ் உடைக்கிற மிஷினின் வாயில் ஒரு பார், அதாவது நீள ஐஸ் கட்டி, குறுக்கே சிக்கியது. கட்டையால்தான் தள்ள வேண்டும். கட்டை எங்கேயோ கிடந்தது, கையால் தள்ளினேன். மிஷினின் பல் முதலில் பிடித்தது ரப்பர் கையுறையை. அது கிழிந்திருந்தால் தப்பியிருப்பேன், கிழியவில்லை. குளிரில் மரத்த கை, வலியே தெரியவில்லை. கீழே கொட்டிய ஐஸ் தூள் சிவந்ததைப் பார்த்துத்தான் கையை உருவினேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிருந்தன. அப்போது எனக்கு 30 வயது.

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த கணக்கப்பிள்ளை ஆட்டோவிலேயே சொன்னார்: "தம்பி, வீட்டுக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லிரு. போலீசு கேசுன்னா உனக்குத்தான் அலைச்சல். முதலாளி பாத்துக்குவாரு." டூட்டி டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, "ஐஸ் மிஷின்ல சார், வேலை பாக்குறப்ப" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, பொய் சொல்லத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அவர் அதை விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே எழுதினார். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஒன்றரை மாதம் கழித்து 40,000 ரூபாயும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் வீட்டுக்கு வந்தன. இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் அரிசிக்கே கடன், கை நீண்டது உண்மை. அத்தான்தான் தடுத்து வக்கீலிடம் கூட்டிப் போனார். அப்படி எழுதி வாங்கினாலும் சட்டத்தில் செல்லாது என்று வக்கீல் சொன்னதும்தான் பயம் தெளிந்தது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் என் மனு போனது. (இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.) விபத்து நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கணக்கை வக்கீல் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். மாதச் சம்பளம் 15,000, அதில் 60 சதவீதம் 9,000. அதைப் பெருக்க, 30 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கிற எண் (காரணி) 207.98. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. பெருக்கினால் 3,74,364 ரூபாய். வைத்தியச் செலவு தனி. என் விரல்களுக்கு அட்டவணையில் ஒரு வரி இருப்பதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

ஆனால் நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று எதிர்த்தரப்பு பதில் போட்டது. அப்புறம், மேஸ்திரி கூட்டி வந்த ஆள் என்றார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும் தன் தொழில் வேலையைச் செய்யவைத்த முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. அதையும் நிரூபிக்க வேண்டுமே! ரொக்கக் கூலி, ரசீது கிடையாது. என் போனில் சனிக்கிழமைதோறும் வந்த ஜிபே முன்பணம் இருந்தது. பார் கணக்கு எழுதிய நோட்டு ஒன்றை மனைவி பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஏ.ஆர். காப்பியோடு இவையும் சேர்ந்தன.

தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் விசாரணை மதுரையில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியுமுன் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுப் போனேன். உத்தரவு வந்தபோது கேட்ட தொகையோடு 12 சதவீத வட்டியும் சேர்ந்திருந்தது.

இப்போது வேறொரு கம்பெனியில் பார் எண்ணி இடது கையால் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் பக்கத்துத் தெரு பையன் கையில் கட்டோடு வந்தான். பெல்ட்டில் மாட்டிக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்றுதான் முதலில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "படியில விழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்கண்ணே" என்றான். மறுநாள் காலையில் வக்கீலிடம் கூட்டிப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதி ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறோம்.