சுத்தியலும் குண்டூசியும்: மன்னார்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 9

சம்பா நடவு நேரம், ஓ.பி.யில் கூட்டமில்லை. நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். சில மாதமாகக் கால் விறைப்பு. "சேத்துல கால வச்சா சில்லுன்னே தெரியல டாக்டரம்மா. செருப்பு கழண்டு போனாக்கூட பின்னால வர்றவங்கதான் சொல்றாங்க." கையில் இடுப்பு எம்.ஆர்.ஐ.; வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும். அதைப் பார்த்து வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

முழங்காலில் சுத்தியல் பட்டதுமே கால் துள்ளியது. பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தால் துடிப்பு நிற்கவில்லை. உள்ளங்காலின் வெளி ஓரத்தில் கீறினேன். பெருவிரல் மேலே எழும்பியது. மூளையிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புப் பாதை கெட்டிருப்பதற்கு 1896-இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்ன அடையாளம். இரண்டு காலிலும் இப்படியென்றால் முதலில் தண்டுவடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். இடுப்புப் படத்தில் அதன் நுனிதான் தெரியும்!

குண்டூசியைக் காலிலிருந்து மேலே கொண்டுபோனேன். தொப்புளிலும் மழுக்கம்தான். நெஞ்சுக்குழிக்கு வந்ததும் "ஆ, இப்பக் குத்துது" என்று முகம் சுளித்தார். பேனாவால் கோடு போட்டேன். முதுகிலும் சுற்றி அதே மட்டம். தொப்புள் மட்டத்துத் தோலுக்கு உணர்வு தருவது பத்தாவது மார்பு நரம்பு, முலைக்காம்புக்கு நான்காவது, நெஞ்சுக்குழிக்கு ஆறாவது. நடு முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினேன்.

அக்டோபர் 11

எட்டாம் வகுப்புப் பையன். விடிந்தால் தலைவலி, வாந்தி; வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலை. கண்ணாடி மாற்றியும் கேட்கவில்லை. கண்ணுக்குள் பார்த்தேன்: இரண்டு பக்கமும் பார்வை நரம்பு வட்டின் விளிம்பு கலங்கி வீங்கியிருந்தது. மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது; கட்டியாக இருக்கலாம். இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. கட்டி அங்கே என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது; மூளைக்குள் அழுத்தம் ஏறினாலே கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு தளரும். "தம்பி, வரப்புல நடக்கிற மாதிரி அடிமேல் அடி வச்சு வா" என்றேன். வலப்பக்கமே சாய்ந்தான். வலது விரலும் மூக்கைத் தவறவிட்டது. சிறுமூளை அதே பக்க உடலைத்தான் சீராக்கும்; அதனால் கோளாறு அதன் வலப்பக்கம்தான். உடனே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

அக்டோபர் 12

மழை. ஓ.பி. காலி.

அக்டோபர் 16

அந்த அம்மாவின் படம் வந்தது. நடு முதுகில், தண்டுவடத்துக்கு வெளியே உறையை ஒட்டி ஒரு கட்டி. தண்டுவடத்தை ஒருபக்கமாக நசுக்கியிருக்கிறது. உறையிலிருந்தே வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி போலத்தான் தெரிகிறது. பெரும்பாலும் புற்று அல்ல, எடுத்துவிடலாம். மகளிடம் விளக்கினேன். "நடவு முடிஞ்சதும் போனா ஆகாதாம்மா?" என்றார் அந்த அம்மா. "சிறுநீர் அடைக்கிறதுக்கு முன்னாடி போயிடணும்மா" என்றேன். கோடு எந்த மட்டத்தில் என்று கடிதத்தில் எழுதி, நாளைக் காலைக்கே அனுப்புகிறேன்.