ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும் டிராக்டர்: டீசலில் தேடியது ஒயரில் கிடைத்தது

என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் கொண்ட, 25 குதிரைத்திறன் சிறிய டிராக்டர். பல ஆண்டுகளாக எந்தத் தகராறும் செய்யாத அந்த வண்டி, ஒரு நாள் புல்வெட்டும் கருவியை ஓட்டிக்கொண்டிருந்தபோது படக்கென்று நின்றுவிட்டது. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பி, ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் அரை மணி நேரத்துக்குள் இரண்டு முறை நின்றது. அதற்கடுத்த இரண்டு நாட்கள் நிற்கவே இல்லை. முழுமையாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வதில் எனக்குச் சிரமம் இல்லை. விட்டுவிட்டுக் கெடும் வண்டியோ, ஸ்பேனரோடு அருகில் போனால் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்று, அழுத்தம், டீசல் மூன்றும் சரியாக இருந்தால் ஓடும். ஆகவே டீசல் வரும் வழியில்தான் கோளாறு என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்தேன், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பழைய ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது என்பதால், மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தேன், அப்படியும் நின்றது. பிறகு ஃபில்டருக்குப் பின்னால் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை மாட்டி, குமிழி வருகிறதா என்று கவனித்தேன். ஒன்றுகூட வரவில்லை.

கடைசியாக டேங்கின் அடியில் உள்ள குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் டீசலை விட்டபோது, முதலில் கட்டை விரல் பருமனுக்குக் கொட்டிய டீசல், சில நொடிகளில் நூலாக இளைத்தது. குழாய் வழியே ஊதியதும் மறுபடி கொட்டியது. டேங்கை முழுவதுமாக வடித்து, டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே ஒரு வட்டமான அலுமினியத் தாள் கிடந்தது. எப்போதோ நான் ஊற்றிய டீசல் சேர்மானப் புட்டியின் வாயில் ஒட்டியிருந்த சீல் அது. இன்ஜின் டீசலை உறிஞ்சும்போது டேங்கின் வெளியேறும் துளையில் போய் ஒட்டிக்கொண்டு, இன்ஜின் நின்றதும் விலகிவிடும் என்பதால், விட்டுவிட்டு நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அதை எடுத்தெறிந்த நிறைவோடு மூன்று மணி நேரம் ஓட்டினேன். நான்காவது மணி நேரத்தில் வண்டி முன்பு போலவே படக்கென்று நின்றது.

பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் தொலைபேசியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். “திணறி நின்றதா, சாவியை அணைத்தது போல நின்றதா? நின்ற கையோடு செல்ஃப் அடித்துப் பார்த்தீர்களா?” முதல் கேள்விக்கு விடை எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், அதற்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டீசல் பற்றாக்குறையால் நிற்கும் இன்ஜின் இழுவை குறைந்து, வேகம் ஏறி இறங்கி, இருமி, அதன்பின் தான் நிற்கும். இரண்டாவது கேள்விதான் என்னை வெட்கப்பட வைத்தது. ஒவ்வொரு முறையும் ‘இன்ஜின் ஆறட்டும்’ என்று பத்து நிமிடம் காத்திருந்தேனே தவிர, உடனே கிளப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த முறை நின்றபோது ஐந்து நொடிகூடக் காத்திருக்காமல் சாவியைத் திருப்பினேன். தடுமாற்றம் இல்லாமல் கிளம்பியது. வற்றிப்போன குழாய் ஐந்து நொடியில் நிரம்பாது. எனவே டீசல் குழாயில் இருந்தது, அதை யாரோ உள்ளே விடாமல் தடுத்தார்கள். அந்த ‘யாரோ’ டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப் சோலினாய்டு, அதாவது மின்காந்தத்தால் ஒரு தண்டை நகர்த்தி டீசலைத் திறந்து மூடும் கருவி.

என் வண்டியில் இருப்பது, மின்சாரம் இருக்கும் வரை டீசலைத் திறந்து வைத்திருக்கும் வகை. மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதன் தண்டைத் தள்ளி டீசலை அடைத்துவிடும். சில வண்டிகளில் இதற்கு நேர்மாறாக, மின்சாரம் கொடுத்தால்தான் இன்ஜின் நிற்கும். அவற்றில் ஒயர் அறுந்தால் வண்டி நிற்காது, மாறாக அணைக்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு தேடுவது வீண். என்னுடையதில் வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடும்போது சோலினாய்டின் கனெக்டரை உருவினேன், அதே ‘படக்’.

சோலினாய்டுக்குப் போகும் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி, இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்ச், பி.டி.ஓ. (இன்ஜின் சுழற்சியைப் புல்வெட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று பலருடைய கையைக் கடந்துதான் வருகிறது. திரும்பிப் பார்க்கும்போது இருக்கையிலிருந்து சற்று எழுவது என் வழக்கம் என்பதால் முதலில் அந்தச் சுவிட்சைச் சந்தேகித்தேன். சமதளத்தில், பி.டி.ஓ.வை இணைக்காமல், சோதனைக்காக மட்டும் அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஓட்டினேன். கால் மணி நேரத்தில் நின்றது. ஓட்டுநர் கீழே விழுந்தால் கருவியை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது என்பதால், துண்டு ஒயரை அப்போதே எடுத்துவிட்டேன்.

மல்டிமீட்டர் என்னை ஏமாற்றியது. நின்ற வண்டியில் சாவியைப் போட்டு அளந்தால், பேட்டரியில் 12.6 வோல்ட், சோலினாய்டு முனையில் 12.4. ஒயரின் தொடர்ச்சியைச் சோதித்தாலும் மீட்டர் சத்தம் எழுப்பியது. அதிர்வு இல்லாதபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்பதைத்தான் அது சொன்னது; எனக்கு வேண்டியதோ, நிற்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பது. அதற்கு 5 வாட் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டை எடுத்து, ஒன்றை ஃபியூசைத் தாண்டிய இடத்திலும் இன்னொன்றைச் சோலினாய்டு முனையிலும் இணைத்து, எர்த் கொடுத்து, இரண்டையும் கண்ணில் படும்படி டாஷ்போர்டில் டேப் ஒட்டி வைத்தேன்.

இருபது நிமிடம் இரண்டும் எரிந்தன. பிறகு இரண்டாவது பல்பு ஒருமுறை கண் சிமிட்டியது; இன்ஜின் நின்றது. பல்போ மறுபடி எரிந்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. என் சோலினாய்டில் இரண்டு சுருள்கள் உண்டு. தண்டை இழுக்கும் சுருள் பெரும் மின்சாரம் எடுக்கும் என்பதால், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வேலை செய்யும். அதன்பின் ஏறத்தாழ ஒரு ஆம்பியர் அளவே எடுக்கும் சிறு சுருள் தண்டைப் பிடித்து வைத்திருக்கும். பிடித்துவைக்கும் சுருளுக்கு இழுக்கும் பலம் கிடையாது. கண் சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் தவறினால் தண்டு நழுவிவிடும்; மின்சாரம் திரும்பி வந்தாலும், மறுபடி செல்ஃப் அடிக்கும் வரை அது எழாது.

முதல் பல்பு சிமிட்டாததால் கோளாறு ஃபியூசுக்கு இப்பால் என்று தெரிந்தது. அந்தப் பல்பை ரிலேயின் வெளிமுனைக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். இரண்டாவது மட்டும் சிமிட்டியது. மிஞ்சியது ரிலேக்கும் சோலினாய்டுக்கும் நடுவே இருந்த சிறிய ஒயர் மட்டுமே. டாஷ்போர்டுக்கு அடியில், தகட்டுத் துளையைத் தாண்டியதும், அந்த ஒயர்க் கட்டை யாரோ கேபிள் டையால் இறுக்கிச் செங்கோணமாக வளைத்திருந்தார்கள். டையை வெட்டிவிட்டு ஒவ்வொரு ஒயராக விரல்களால் மெதுவாக இழுத்தேன். மற்றவை எல்லாம் விறைப்பாக இருந்தன; ஒன்று மட்டும் ரப்பர் போல நீண்டது. மேலே உறையில் கீறல்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து, முனையோடு முனை உரசிக்கொண்டு மட்டும் இருந்தன.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு அதே பருமனுள்ள ஒயரை இணைத்தேன். அதிரும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் மறுபடி ஒடியும் என்பதால், கிரிம்ப் இணைப்பானை அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டேன். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் வைத்து, ஒயர்க் கட்டுக்குத் தளர்வாக ஒரு வளைவு விட்டு, டையைச் சற்றுத் தள்ளிக் கட்டினேன். அதன்பின் 40 மணி நேரம் ஓட்டியாயிற்று. டாஷ்போர்டில் ஒட்டிய பல்பை இன்னும் கழற்றவில்லை. அது ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை.