சீக்கு இல்லாத பூனைக்கு இங்கே என்ன வேலை?

எங்கள் டவுனில் இருந்த ஒரே தனியார் மிருக கிளினிக்கை மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கடையில் கைப்பேசிக் கவர் விற்கிறார்கள். எங்கள் பூனை பூசாரி குட்டியாக இருந்ததிலிருந்து போட்ட தடுப்பூசிக் கணக்கெல்லாம் கிளினிக்கோடு போயே போய்விட்டது. ஊசி அட்டையைக் கையில் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது. கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அக்கா" என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் எங்கே போனது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பூசாரி எங்கள் வீட்டு ஆண் பூனை. நெற்றியில் பட்டை போட்டதுபோல வெள்ளைக் கோடு, அதனால் அந்தப் பேர். பகலெல்லாம் தூக்கம், சாயந்திரமானால் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் செம்பனை மரங்கள் ஓரமாக ஒரு சுற்று. வயது ஒன்பது. வயதான பூனையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது டாக்டர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். தவணை வந்துவிட்டது, டாக்டர்தான் இல்லை.

சரி, அரசாங்கக் கால்நடை அலுவலகம் இருக்கிறதே என்று மலேசியாவின் பேராக்கில் ஒரு மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், "குச்சிங் சாகிட் அப்பா?" என்றார், பூனைக்கு என்ன சீக்கு என்று. சீக்கு ஒன்றும் இல்லை, செக்கப்புக்கு வந்தோம் என்றேன். என்னை ஒரு தரம் பார்த்தார், கூண்டை ஒரு தரம் பார்த்தார். சீக்கு இல்லாத பூனைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேவிட்டார். எனக்குப் பின்னால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் அன்றைக்கு மாடுகளுக்கு ஊசி போட வெளியே போயிருக்கிறாராம், வெள்ளிக்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் தெரியும்தானே! நம்பர் கையில் இருக்கிறது, முறை வருவதற்குள் தொழுகைக்கு மூடிவிட்டார்கள். 12.15க்கு மூடினால் 2.45க்குத்தான் திறப்பு. அந்த வெயிலில் பூனையோடு எங்கே போவது? பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அண்ணன் பின்பக்கம் ஃபேனுக்குக் கீழே கூண்டை வைத்துக்கொள்ளச் சொன்னார், புண்ணியவான். திறந்த பிறகு சீக்காளி மிருகங்களுக்குத்தான் முதலிடம். அதில் எனக்கு வருத்தமில்லை, வண்டியில் அடிபட்ட நாய் ஒன்று வந்திருந்தது. கடைசியில் எங்களைக் கூப்பிட்டு கவுண்டர்காரர் கேட்ட ஒரே கேள்வி, "அட்டை எங்கே?" என்பதுதான். அட்டை இல்லாமல் எத்தனையாவது ஊசி என்று எழுத முடியாதாம். மூடிப்போன கிளினிக்கிலிருந்து அட்டையை நான் எங்கே போய் வாங்குவது? டாக்டரின் நிழலைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினோம். கட்டணம் அங்கே குறைவு, டாக்டரைப் பற்றியும் ஊரில் நல்ல பேர்தான். என் சண்டையெல்லாம் அந்தக் கவுண்டரோடு.

அப்புறம் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் நேரம் வாங்கிப் போனோம். போனது, உட்கார்ந்தது, கூப்பிட்டது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

டாக்டரம்மா இளம்பெண். அட்டை இல்லையென்றதற்கு முகம் சுளிக்கவில்லை. பெரிய பூனைக்கு முன்கணக்கு தெரியாவிட்டால் மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம், இவ்வளவுதான் விஷயம் என்றார். இந்த ஒரு வரிக்காகவா அத்தனை அலைச்சல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடை எழுதி வச்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டார். இதற்குத்தான் காத்திருந்தேன். மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டியின் தாள்களைக் கிழித்துப் பையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் நான் மட்டும் தராசில் ஏறி, பிறகு பூசாரியைத் தூக்கிக்கொண்டு ஏறி, வித்தியாசத்தைப் பென்சிலில் ஏகாதசிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். ஜனவரியில் 4.8 கிலோ, ஜூனில் 4.2. வீட்டில் எல்லாரும் "வயசாச்சு, இளைக்குது" என்று விட்டுவிட்டார்கள். டாக்டரம்மா விடவில்லை. எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது, அறுபது கிலோ ஆளுக்கு ஏழரை கிலோ குறைந்தால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டுக்கொண்டே ரத்தம் எடுத்தார்.

சிறுநீரகம். நல்லவேளை, ஆரம்பம்தான். ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்கு போயிருக்குமாம். எஸ்டிஎம்ஏ என்று இன்னொரு சோதனை இருக்கிறது, அது அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். பூசாரிக்கு அதுதான் கொஞ்சம் ஏறியிருந்தது. வயதான பூனைக்கு ரத்தம் எடுத்தால் இந்தச் சோதனை உண்டா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதும், மணல் தட்டில் உருண்டை உருண்டையாக மண் கூடுவதும் அடையாளங்கள். வெளியே போய் ஒதுங்கும் தோட்டத்துப் பூனையிடம் இதையெல்லாம் யார் பார்ப்பது? அதனால்தான் எடை எழுதச் சொல்கிறேன்.

தோட்டம் என்றதும் டாக்டரம்மா கேட்ட இன்னொரு கேள்வி எலி மருந்தைப் பற்றி. செம்பனைக்கு எலித்தொல்லை என்பதால் மெழுகுக் கட்டி மருந்து போடுகிறார்கள். பூனை அதைத் தின்னாவிட்டாலும், தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் போதும். ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியும், அதுவும் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் சோர்ந்து படுக்கும். சீக்கிரம் கொண்டு போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். எந்த மருந்து என்று தெரிந்தால் எத்தனை வாரம் கொடுப்பது என்று முடிவுசெய்வார்கள். தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு பாக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் முறைத்தார், பிறகு காட்டினார்.

மூக்கையும் காதையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நம் நாட்டுப் பூனைகளுக்கு ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்று ஒரு பூஞ்சைப் புண் வருகிறது. மூக்கின் மேல் ஆறாத புண் இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், கீறினால் நமக்கும் ஒட்டும். மாத்திரையைப் பல மாதம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்குமாம். பூசாரிக்கு அது இல்லை.

எங்கள் லயத்தில் பூனைக்குக் காய்ச்சல் என்றால் பனடோலில் (பாராசிட்டமால் மாத்திரை) கால்வாசி உடைத்துப் பாலில் கலக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதேபோல, ஆண் பூனை மூத்திரம் வராமல் முக்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கூண்டைக் கிளம்பும் நேரத்தில் எடுத்தால் பூனை கூரைக்கு ஏறிவிடும். ஒரு வாரம் முன்பே கதவைத் திறந்து வைத்து, உள்ளே பழைய கைலியைப் போட்டு, சாப்பாட்டையும் அதிலேயே வையுங்கள். காரில் கூண்டுமேல் துண்டு போட்டு மூடினால் கத்தல் பாதியாகக் குறையும்.

ரத்தம், ஊசி எல்லாம் சேர்த்து 250 வெள்ளிக்குக் கிட்டே ஆனது. வலிக்கத்தான் செய்தது. இப்போது பூசாரிக்குச் சிறுநீரகத்துக்கான தனிச் சாப்பாடு. மீன் தலையை நிறுத்தியதில் அவனுக்குக் கோபம், என் அம்மாவுக்கு அதைவிடக் கோபம். புது அட்டை இந்தத் தடவை என் கையில். கிளினிக் வாசலிலேயே படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது ஊசிக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா தன் பூனைகளுக்கும் இடம் கேட்டிருக்கிறார். வேனில் இடம் இருக்கிறது, பெட்ரோல் பங்கு உண்டு. கூண்டை மட்டும் அவரவர் கொண்டு வந்துவிட வேண்டும்.