ராவா தோற்ற ஒன்றரைத் தாள்

எபிரேய எழுத்தைக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது, மிஷ்னா (யூதரின் பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பு) ஓரளவு புரிகிறது, அகராதி பக்கத்தில் இருந்தால் அரமேயமும் மெல்ல நகர்கிறது. இந்த நிலையில், மிஷ்னாவும் அதன் மீதான விவாதமான கெமாராவும் சேர்ந்த தல்மூதைத் திறப்பவர் பெரும்பாலும் சொற்களில் சிக்குவதில்லை. யார் பேசுகிறார், எதைச் சாய்க்கப் பேசுகிறார் என்பதில்தான் சிக்குகிறார். வழக்கமான வில்னா அச்சில் காற்புள்ளியோ கேள்விக்குறியோ மேற்கோள் குறியோ கிடையாது. பழகுவதற்கு நல்ல இடம் தல்மூதின் பாவா மெட்சியா என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம். 21ஆம் தாளின் பின்பக்கத்திலிருந்து 22ஆம் தாளின் பின்பக்கம் வரை ஒரே வழக்கு ஓடுகிறது.

முதலில் மிஷ்னாவை மட்டும் படியுங்கள். கண்டெடுத்தவருக்கே சொந்தமாகும் பொருள்களாகப் பத்தைச் சொல்கிறது: சிதறிய தானியம், சிதறிய காசு, பொதுவழியில் கிடக்கும் சிறு கதிர்க்கட்டு, அத்திப்பழ அடை, ரொட்டிக்கடை ரொட்டி, கோத்த மீன், இறைச்சித் துண்டு, கம்பளி, ஆளிநார்க் கட்டு, செந்நீலக் கம்பளி இழை. பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. பத்துக்கும் பொதுவானது என்ன என்று கேளுங்கள். உரிமையாளர் ‘இது என்னுடையது’ என்று நிறுவ எதிலும் அடையாளம் இல்லை. அடையாளத்துக்குச் சீமான் என்று பெயர். அது இல்லாததால் தொலைத்தவர் ‘இனிக் கிடைக்காது’ என்று மனம் விட்டுவிடுவார். அந்த மனம் விடுதல்தான் யெயூஷ்.

தானியம் எவ்வளவு சிதறியிருக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வரும். நான்கு முழ இடத்தில் ஒரு காவ் (பழைய முகத்தலளவை) என்கிறார் ரபி இட்ஸ்ஹாக். ரபி யிர்மியா அதையே பாதியாக்கி, இரட்டிப்பாக்கி அடுக்கும் கேள்விகள் ‘தேய்கு’ என்று தீர்ப்பின்றி நிற்கின்றன. முதல் வாசிப்பில் இங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம்.

இனித்தான் விஷயம். தொலைந்ததே உரிமையாளருக்குத் தெரியாதபோது ஒருவர் அதை எடுத்துவிட்டார். அது யெயூஷ் ஆகுமா? ஆகாது என்கிறார் அபாயே, ஆகும் என்கிறார் ராவா. இருவரும் 4ஆம் நூற்றாண்டுப் பாபிலோனிய அறிஞர்கள். இந்த இடத்தில் உரையாசிரியர் ராஷியைத் தவிர்த்தால் தடுக்கி விழுவது உறுதி. ஒருவர் தன்னையறியாமல் மனம் விடுகிறார் என்று ராவா சொல்வதாகத் தோன்றும். அவர் சொல்வது அதுவல்ல: தெரிந்தால் கண்டிப்பாக மனம் விடும் வகைப் பொருள் இது, ஆகவே இப்போதே விட்டதாகக் கொள்ளலாம் என்பதே அவர் வாதம். ‘இப்போது தெரியாதே’ என்பது அபாயேயின் பதில்.

கெமாரா உடனே எல்லைக்கல் நடுகிறது. அடையாளம் உள்ள பொருளில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ராவாவும் அபாயே பக்கமே. பிறகு உரிமையாளர் மனம் விட்டார் என்று கேள்விப்பட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அது ‘தடையோடு கைக்கு வந்தது’, அதாவது எடுக்கக் கூடாத நிலையில் எடுக்கப்பட்டது. இந்த ஒரு சொற்றொடரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்த நொடியில் நிலைமை என்ன என்பதுதான் கேள்வி. பின்னால் நடப்பது அதைத் திருத்தாது. கடல் அடித்துப்போன பொருளிலும் வேறுபாடில்லை. அடையாளம் இருந்தாலும் எடுத்தவருக்கே. மிஞ்சுவது அடையாளமில்லாத பொருள் மட்டும்.

பிறகு ‘தா ஷ்மா’, அதாவது ‘வந்து கேள்’ என்று சான்றுகள் வரிசை கட்டும். ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: சான்று, யாரைத் தாக்குகிறது, எப்படித் தப்பினார். சிதறிய காசு யாரைத் தாக்குகிறது? அபாயேயை. விழுந்ததே தெரியாதவரின் காசு எப்படி எடுத்தவருக்குச் சொந்தமாகும்? மனிதர் பணப்பையை நொடிக்கொரு தரம் தடவிப் பார்ப்பார், ஆகவே தெரிந்திருக்கும் என்று பதில். அத்தி அடை கனமானது, விழுந்தால் தெரியும். செந்நீல இழை விலை உயர்ந்தது, அதையும் தடவிப் பார்ப்பார். சிதறிய தானியம் களத்தில் பெருக்காமல் தெரிந்தே விட்ட மிச்சம். இவற்றைச் சப்பைக்கட்டு என்று ஒதுக்குவதுதான் இந்த நிலையில் வாசிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒவ்வொரு பதிலும் மிஷ்னாவின் ஒரு சொல்லைக் குறுக்கி, அது எந்தச் சூழலைப் பேசுகிறது என்று வரையறுக்கிறது. இதற்கு ஓகிம்தா என்று பெயர். பத்தியை நிரப்பினால் அபாயே ஒவ்வொரு முறையும் ‘அவருக்குத் தெரியும்’ என்ற ஒரே கதவு வழியாகத் தப்புவது கண்ணில் படும்.

கடைசியில் விழுவது ராவா. ஆறு அடித்துச் சென்ற பொருள் எடுத்தவருக்கு ஆகும் என்பதற்கு உபாகமம் 22:3 சான்றாகிறது: ‘அவனிடமிருந்து தொலைந்து, நீ கண்டெடுத்தது’. அவனுக்குத் தொலைந்தாலும் பிறர் எவருக்கும் கிடைக்கக்கூடியதே அந்த வசனம் சொல்லும் பொருள்; வெள்ளத்தில் போனது அதில் சேராது. அந்த அனுமதி அடையாளம் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது; அப்படியானால் வெள்ளத்தில் போகாததை எடுக்கக் கூடாது என்ற தடையும் இரண்டுக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும். ‘தெயுவ்தா’ என்ற சொல்லோடு ராவா முறியடிக்கப்படுகிறார். ‘தெயுவ்தா’ விழுந்தால் கருத்தே விழுந்தது. ‘கஷ்யா’ என்று முடிந்தால் சிக்கல் நிற்கிறது, கருத்து விழவில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள். பொதுவாக இவ்விருவர் மோதலில் சட்டம் ராவா பக்கம். விதிவிலக்குகள் மொத்தம் ஆறு, அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்த நினைவுக் குறி ‘யஅல் க்கம்’, அதன் முதல் எழுத்தான யோத், யெயூஷ் பற்றிய இந்த வழக்குதான்.

தோசஃபோத் என்ற பிற்கால உரையை இதற்குப் பின்தான் தொட வேண்டும். அது ராஷியோடு வாதாடுவது. வழக்கு பிடிபடாமல் வாசித்தால் கேள்வியே கேள்வியாகத் தெரியாது. தீர்ப்பைத் தேட ஓரத்திலுள்ள ‘ஏன் மிஷ்பாத்’ என்ற சட்டநூல் மேற்கோள் குறியைப் பின்பற்றுங்கள். அது மைமோனிடஸின் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் கொள்ளை, தொலைந்த பொருள் பற்றிய சட்டங்களின் 14ஆம் அத்தியாயத்துக்கும், பிற்காலச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கில் ஹோஷென் மிஷ்பாத் என்ற பகுதியின் 262க்கும் கொண்டுபோகும். முதலிலேயே அங்கே தாவினால் ‘தெரியாவிட்டால் யெயூஷ் இல்லை’ என்ற வரி மட்டும் கிடைக்கும். அடையாளமும் வெள்ளமும் ஏன் எல்லைக்கல் ஆயின என்பது கிடைக்காது. இருவராக அமர்ந்து ஒருவர் உரக்க வாசித்து மற்றவர் தடுத்துக் கேட்டால் மூன்று நான்கு அமர்வுகளில் முடியும்.

முடித்த கையோடு 24ஆம் தாளின் பின்பக்கத்துக்கு வாருங்கள். சந்தையில் கண்டெடுத்த பணப்பை யாருக்கு என்று ராவ் யெஹூதா ஷ்முவேலைக் கேட்கிறார். எடுத்தவருக்கு என்கிறார் ஷ்முவேல். ஒருவர் வந்து அடையாளம் சொன்னால்? திருப்பித் தர வேண்டும். இரண்டும் எப்படி? சட்டத்தின் கோட்டுக்கு உள்ளே நிற்பது, லிஃப்னிம் மிஷுராத் ஹதீன், என்கிறார். அவர் ‘கடமை’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். சட்டம் கேட்காததை எப்படிக் கடமை என்பது? ஹோஷென் மிஷ்பாத் 259இல் இது நல்லதும் நேரியதும் என்ற அளவில் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த அமர்வைத் தொடங்குங்கள்.